பன்னிரண்டாம் குச்சி

கொசப்பேட்டை விழிக்கும் முன்பே
முனிரத்தினத்தின் நீல டிரம்முக்குள்
ஒரு படபடப்பு எழும்பி அடங்கும்.
பிறகு வெந்நீர்.
பிறகு இறகு பிடுங்கும் எந்திரத்தின் ரப்பர் விரல்கள்.
அந்த நீர் முதல் கோழிக்கு வெந்நீர்,
முப்பதாம் கோழிக்கு வெதுவெதுப்பு,
அறுபதாம் கோழிக்கு
முன்னே போன ஐம்பத்தொன்பதும்.

நான் போனது மாதிரி எடுக்க.
பையில் பன்னிரண்டு பஞ்சுக் குச்சிகள்,
ஐஸ் போட்ட பெட்டி,
முத்திரை குத்திய ஒரு கடிதம்.
"கோழிக்கும் கொரோனா டெஸ்டா மேடம்?"
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்.

கட்டையைத் தொட்டேன். புளியமரம்.
பதினாறு வருஷத்துக் கத்தி
நடுவில் ஒரு குளம் வெட்டியிருந்தது.
பாலாற்றில் இல்லாத ஈரம்
அதில் இருந்தது.

கத்தி, துடைக்கிற துணி, தராசுத் தட்டு,
கல்லாவில் நனைந்து கிடந்த
இருபது ரூபாய்த் தாள்,
ஈரல் வைத்த கிண்ணம்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி, ஒரு எண்.
பதினொன்றில் வேலை முடிந்தது.
வந்ததற்கு அரைக் கிலோவும் வாங்கிக்கொண்டேன்,
ஞாயிற்றுக்கிழமை அல்லவா.

வீட்டில்
மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவினேன்.
குழாயை முழுதாகத் திறந்து,
துண்டு துண்டாய்த் திருப்பி,
ஊர் எப்படிக் கழுவுமோ அப்படி.
பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டு
தன்மேல் தெறித்ததை வாங்கிக்கொண்டு
பச்சையாகவே இருந்தது.

தொட்டி பளபளத்தது.
ஒப்பிட ஒரு சுத்தமான இடம் வேண்டுமே என்று
மிஞ்சிய குச்சியை அங்கே உருட்டி எடுத்தேன்.
பெருமைக்காகத்தான்,
வேறென்ன சொல்ல.

இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி.
ஜன்னலுக்கு வெளியே நாற்பத்தொன்று.
மே மாதத்து வேலூரில்
கதவு எந்தப் பக்கம் என்று
எங்களுக்கே சில சமயம் தெரியாது.

நாலாம் நாள் ஹெப்சிபா
தட்டுகளை வெளிச்சத்துக்கு நீட்டினாள்.
சிவப்பு ஏகாரின் மேல்
மீன்கண் மாதிரி கறுப்புப் புள்ளிகள்.
"ரெண்டு. மூணு. ஆறு. ஒன்பது."
எழுதிக்கொண்டே வந்தேன்.
"பன்னிரண்டும்தான்.
அது எந்தக் கடை?"

பேனா மக்கர் செய்கிறது என்று
அதை உதறினேன்.
இரண்டு முறை.

முடிவைச் சொல்லக் கடைக்குப் போனபோது
முனிரத்தினம் கட்டைக்கு உப்பு தேய்த்துக்கொண்டிருந்தார்.
"கட்டைய மாத்தச் சொல்றீங்க, மாத்தறேன்.
தண்ணிய அப்பப்ப மாத்துன்னா இன்னா பண்றது?
எங்க தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு தபா வருது.
மத்த நாளு குடம் பதினஞ்சு ரூபா.
கோழிக்கு ஊத்தட்டுமா, புள்ளைங்களுக்கு ஊத்தட்டுமா?"
கோபமாகச் சொல்லவில்லை.
ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னார்.
சொல்லிவிட்டு அதே துணியில் கை துடைத்தார்.

உங்க வீட்ல எப்படி மேடம் என்று
அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆய்வகத்துக்குத் திரும்பி
பதிவேட்டில் பன்னிரண்டுக்கு நேரே
இடம் என்ற கட்டத்தில்
என் வீட்டு எண்ணை எழுதினேன்.
தட்டுகள் ஆட்டோகிளேவில் வெந்துகொண்டிருந்தன,
அந்த வாடையில்
என்றைக்கும் பசி வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு குடியாத்தத்திலிருந்து நாத்தனார்.
நான் கவரைப் பிரித்து
கறியை நேரே கொதிக்கிற குழம்பில் சரித்தேன்.
கவரைக் கட்டிக் குப்பையில் போட்டேன்.
சோப்பு போட்டு இருபது எண்ணினேன்.
"கழுவாமலா போடறே?"
"ஆமா."
அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.
ராத்திரிக்குள் நாலு வீட்டுக்குப் போன் போகும்,
அண்ணன் கட்டிக்கொண்டது
அசுத்தம் பிடித்தது என்று.
போகட்டும்.

ஒரு தொடைத் துண்டைக் கரண்டியில் எடுத்து
பிட்டுப் பார்க்கிறேன்.
எலும்போரம் இன்னும் சிவப்பு.

மூடி வைக்கிறேன்.
இன்னும் கொஞ்ச நேரம்.